கிண்ணம் கடையும் கையும் கிராமத்தின் வருவாயும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட கைத்தொழில் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உழவையும் பாசனத்தையும் பற்றிக் காலையில் விரிவாகப் பேசினார்கள். இந்த மாலை வேளையில், கல், மரம், கண்ணாடி ஆகிய மூன்று பொருள்களைக் கொண்டு அழகுக் கிண்ணங்கள் செய்வதைப் பற்றி எங்களைப் பேசப் பணித்திருக்கிறார்கள். 'வயலுக்குத் தண்ணீர் இல்லை, பயிருக்கு விலை இல்லை என்று நாம் கவலைப்படும்போது அழகுக் கிண்ணம் எதற்கு?' என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அது நியாயமான கேள்வியே. ஆயினும் ஆண்டில் பல மாதங்கள் வேலையற்றிருக்கும் கைகள் நம் கிராமங்களில் உண்டு. சாலை ஓரத்தில் வெட்டிப் போட்ட மரம் விறகாகப் போகிறது. கண்ணாடிக் கடையின் பின்புறத்தில் துண்டுக் கண்ணாடி குப்பையாகக் குவிகிறது. கையும் பொருளும் இவ்வாறு வீணாகும் ஊரில், இரண்டையும் இணைக்கும் வழியைத் தேடுவது பஞ்சாயத்தின் கடமையாகும்.

எங்கள் அனுபவத்தில் கண்ட நன்மைகளோடு நாங்கள் செய்த தவறுகளையும் மறைக்காமல் கூற எண்ணுகிறோம். நன்மையை மட்டும் கேட்டுத் தொழில் தொடங்கியவர்கள் கடனாளியாகி நின்றதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கல்லும் காடும்

தஞ்சையில் 1892ஆம் ஆண்டில் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்களை உங்களில் முதியவர்கள் அறிவார்கள். 1934ஆம் ஆண்டில் காந்தியடிகள் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை அமைத்தபோது, அதன் செயலாளராக இருந்து உழைத்தவர் அவர். தம் இறுதிக் காலத்தை மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். இயற்கைச் செல்வத்தை அவர் இருவகையாகப் பிரித்துக் காட்டினார். நிலக்கரி, கனிமம் போன்றவை தொட்டியில் தேங்கிய நீரைப் போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும். காடும் பயிரும் ஓடும் ஆற்றைப் போன்றவை. முறையோடு எடுத்தால் வந்துகொண்டே இருக்கும்.

கிண்ணத் தொழிலுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். கல் குறையும் செல்வம். மரம் வளரும் செல்வம். கண்ணாடியோ உடைந்தாலும் மீண்டும் உருக்கத்தக்கது. எதை எவ்வளவு எடுப்பது, எதை மீண்டும் உண்டாக்குவது என்பதைத் தொழில் தொடங்குவதற்கு முன்னரே ஊர் கூடித் தீர்மானிக்க வேண்டும்.

மாக்கல்லின் இயல்பு

முதலில் கல்லை எடுத்துக்கொள்வோம். நம் பாட்டிமார் கீரை கடைந்ததும், வற்றல் குழம்பு வைத்ததும், மாவடு ஊறப்போட்டதும் கல்சட்டியில்தான். அந்தச் சட்டியின் கல் மாக்கல் எனப்படும். கோலமாவுக்குப் பயன்படுவதும் இக்கல்லின் பொடியே. கனிமங்களில் மிக மென்மையான டால்க் இதில் மிகுதியாக உள்ளது. நகத்தால் கீறினாலே கோடு விழும். கருங்கல்லைப் போலன்றி, இதனை உளியால் செதுக்கவும், கடைசல் பட்டறையில் மரத்தைப் போலக் கடையவும் இயலும். சூட்டை மெல்ல வாங்கி நெடுநேரம் வைத்திருப்பது இதன் சிறப்பு.

இந்த இனத்துக் கற்களின் பெருமை பழமையானது. சிந்துவெளி மக்கள் தங்கள் முத்திரைகளை மாக்கல்லில் செதுக்கினார்கள். பின்னர் சூளையிலிட்டு அவற்றைக் கெட்டிப்படுத்தினார்கள். 1117ஆம் ஆண்டில் பேலூரில் எழுந்த ஹொய்சளர் கோயிலின் நுண்ணிய சிற்பங்களும் இவ்வாறு எளிதில் செதுக்கத்தக்க கல்லில் அமைந்தவையே.

கல் கிண்ணம் செய்வோர், வெடிப்பும் நரம்பும் இல்லாத கட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால், நல்ல கட்டி மணிபோல் ஒலிக்கும். உள்வெடிப்பு உடையது மந்தமாக ஒலிக்கும். வெளிப்புறத்தை முதலில் உருட்டிக்கொண்டு பின்னர் உட்புறத்தைக் குடைய வேண்டும். அடிப்பகுதியைச் சற்றுக் கனமாக விடுதல் நலம். இறுதியில் நீர் தெளித்து உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசினால், சாம்பல் நிறக் கல் கருமை பெற்று ஒளிவிடும்.

சமையலுக்கு விற்கும் சட்டியாயின், அதைப் பழக்கும் முறையையும் வாங்குவோருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி வைத்து, சில நாள்கள் சூடான கஞ்சித் தண்ணீரை ஊற்றி ஆறவிட்டு, அதன் பிறகே சிறு தீயில் ஏற்ற வேண்டும். இதை அறியாத நகரத்துப் பெண்மணி புதுச் சட்டியை நேராகப் பெருந்தீயில் வைப்பார், சட்டி பிளக்கும், செய்தவர் பெயர் கெடும். ஒரு சிறு துண்டுத்தாளில் நான்கு வரி அச்சிட்டு உள்ளே வைத்தால் இந்தப் பழி நீங்கும்.

தூசி என்னும் பகை

இனிச் சொல்லப்போவதை மிகவும் கவனமாகக் கேட்கும்படி வேண்டுகிறோம். கல் கடையும் குடும்பம் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சந்தித்தோம். தந்தை திண்ணையில் அமர்ந்திருந்தார். பத்தடி நடக்க அவரால் இயலவில்லை. காசநோய் என்று கருதிப் பல மாதம் மருந்து உண்டதாகவும், இருமல் மட்டும் நிற்கவில்லை என்றும் கூறினார். அவருக்குப் பின்னால், கதவடைத்த அறையில், வெண்புகை போன்ற தூசிக்கு நடுவே அவருடைய இரு புதல்வர்களும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். முகத்தில் துண்டு ஒன்று கட்டியிருந்தார்கள். அவ்வளவே பாதுகாப்பு.

கருங்கல், மணற்கல் முதலியவற்றில் உள்ள படிகமணல் தூசி நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகிறது. ஒருமுறை பற்றினால் அதைத் தீர்க்க மருந்தில்லை. காசநோய் எளிதில் தொற்றவும் அது வழி செய்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதனை அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2019ஆம் ஆண்டில் இராஜஸ்தான் அரசு இத்தகைய தூசி நோயாளிகளின் நலனுக்காகத் தனிக் கொள்கையே வகுத்தது. மாக்கல் மென்மையானது என்பதனால் அதன் தூசி தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. டால்க் தூசியும் நெடுநாள் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். சில இடத்து மாக்கல்லில் கல்நார் இழைகளும் கலந்திருப்பதுண்டு.

பரிகாரம் எளியது, செலவும் பெரிதன்று. அறுக்கும் இடத்திலும் தேய்க்கும் இடத்திலும் நீர் சொட்டிக்கொண்டே இருக்குமாறு ஒரு குழாய் அமைத்தால் தூசி எழாமல் சேறாகிவிடும். பட்டறையை வீட்டினுள் வைக்காமல், காற்றோட்டமுள்ள கொட்டகையில் வைக்க வேண்டும். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரமாக்கித் துடைக்க வேண்டும். கைத்துண்டு நுண்தூசியைத் தடுக்காது. என் 95 என்னும் வகை முகக்கவசமே ஓரளவு தடுக்கும். வேலை உடுப்போடு குழந்தையைத் தூக்கலாகாது. ஆண்டுக்கு ஒருமுறை மார்புப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும். மருத்துவரிடம் செல்லும்போது, 'நான் கல்வேலை செய்கிறவன்' என்று முதலிலேயே சொல்லவேண்டும்.

நாங்கள் கண்ட அந்தக் குடும்பத்தார் பட்டறையைத் தோட்டத்துக்கு மாற்றி நீர்க்குழாயும் அமைத்துவிட்டார்கள். புதல்வர்கள் நலமாக வேலை செய்கிறார்கள். தந்தைக்கு அந்த மாற்றம் காலங்கடந்து வந்தது.

மரக் கிண்ணம்: நாங்கள் கற்ற பாடம்

மர வேலையில் நம் நாட்டுக்குத் தனிப்புகழ் உண்டு. அம்பாசமுத்திரத்து மரச்செப்புச் சாமான்களை வைத்து விளையாடாத பெண்குழந்தை முன்னாளில் அருமை. கர்நாடகத்துச் சென்னபட்டணமும், ஆந்திரத்து வராக நதிக்கரையிலுள்ள ஏட்டிக்கொப்பாக்காவும் அரக்குப் பூசிய கடைசல் பொருள்களுக்குப் பெயர்பெற்றவை. ஏட்டிக்கொப்பாக்காவின் பொருள்களுக்கு 2017ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூரில் இரசாயனச் சாயங்களை விடுத்து, மஞ்சள், அவுரி போன்ற தாவரச் சாயங்களை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவந்த திரு. சி. வி. ராஜு அவர்களுக்கு 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவ்விரண்டு ஊர்களிலும் பயன்படும் மரம் எது தெரியுமா? நம் கரடுகளிலும் வேலிகளிலும் வளரும் வெட்பாலைதான். இலையைக் கிள்ளினால் பால் வடியும், மரம் வெண்மையாகவும் நெருங்கிய இழையுடனும் இருக்கும், உளிக்கு இணங்கும். தோல் நோய்க்கு எண்ணெய் காய்ச்ச இலையைப் பறித்துக்கொள்கிறோம். மரத்தின் அருமையை நம்மிற் பலர் அறியோம்.

இப்போது எங்கள் தவறைக் கூறுகிறோம். ஓர் ஊரில் மகளிர் குழு ஒன்றுக்கு நாங்கள் கடைசல் பயிற்சி அளித்தோம். சாலை விரிவாக்கத்தில் வெட்டிய வேப்பமரம் மலிவாகக் கிடைத்தது. பத்தே நாளில் இருநூறு கிண்ணங்கள் கடைந்து, பளபளவென்று மெருகேற்றி, கண்காட்சிக்கு அனுப்பினோம். கண்காட்சி திறக்கும் நாளில் பெட்டியைத் திறந்தால், ஏறக்குறையப் பாதிக் கிண்ணங்கள் விளிம்பிலிருந்து அடிவரை விரிசல் விட்டிருந்தன. குழுவினரின் கடன் தவணை நிற்கவில்லை. ஓர் அம்மையார் தம் கம்மலை அடகு வைத்துத் தவணையைக் கட்டினார். அவசரப்படுத்தியவர்கள் நாங்கள், அடகு போனது அவருடைய கம்மல். அதனை இன்றளவும் நாங்கள் மறக்கவில்லை.

காரணம் இதுதான். பச்சை மரம் உலரும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுமையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. இழுப்பு ஒவ்வாமல் மரம் பிளக்கிறது. இதைத் தடுக்கும் முறையைப் பின்னர் மூத்த கடைசல்காரர் ஒருவரிடம் கற்றோம்.

மரத்தை அதன் நடுமையம் விலகும்படி இரண்டாகப் பிளக்க வேண்டும். வெட்டுமுகங்களில் உடனே மெழுகு பூச வேண்டும். பின்னர் கிண்ணத்தைக் கரடாகக் கடைந்து, சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனமாக விட வேண்டும். அதாவது 30 சென்டிமீட்டர் கிண்ணத்துக்கு 3 சென்டிமீட்டர் சுவர். அதைக் கோணிக்குள் மரச்சுருளோடு புதைத்து, வெயிலும் நேர்க்காற்றும் படாத நிழலில் சில மாதங்கள் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதிவரவேண்டும். எடை குறைவது நின்றால் மரம் உலர்ந்தது என்று பொருள். அப்போது எடுத்து இறுதி வடிவம் கடைந்தால், கிண்ணம் நெடுங்காலம் நிற்கும்.

மெருகுக்கு அரக்கே சிறந்தது. அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அது உருகிப் படியும். அதன்மேல் உலர்ந்த தாழை மடலை அழுத்திப் பிடித்தால், அரக்கு சீராகப் பரவி கண்ணாடிபோல் ஒளிரும். பழமும் பருப்பும் வைக்க இது தீங்கற்றது. ஆனால் கொதிக்கும் உணவை ஊற்றினால் அரக்கு இளகிவிடும். இதையும் வாங்குவோரிடம் சொல்லிவிட வேண்டும். மலிவான பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உணவு வைக்கும் பொருளிலும் குழந்தை வாயில் வைக்கும் பொருளிலும் அதைப் பூசுவது பாவம்.

கடைசல் இயந்திரம் வாங்க இயலாதோர் கொட்டாங்கச்சியில் தொடங்கலாம். வாள், அரம், உப்புத்தாள், தேங்காயெண்ணெய் ஆகியவை இருந்தால் போதும்.

கண்ணாடி: கூட்டாகச் செய்யவேண்டிய தொழில்

மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு ஆகியவற்றைச் சுமார் 1,500 பாகை செல்சியசில் உருக்கினால் கண்ணாடி உண்டாகிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் பண்டைத் தமிழகத்தார் கண்ணாடி மணிகள் செய்து கடல் கடந்து அனுப்பினர் என்பதை அகழாய்வுகள் மெய்ப்பித்துள்ளன. உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத் இன்றும் வளையலுக்கும் கண்ணாடிப் பாத்திரத்துக்கும் பெயர்பெற்று விளங்குகிறது. அங்கே நிலக்கரி உலைகளின் புகையால் தாஜ்மகாலுக்குக் கேடு நேர்வதைத் தடுக்க, 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்த வட்டாரத்து ஆலைகளை இயற்கை எரிவாயுவுக்கு மாறவோ இடம் பெயரவோ பணித்தது.

மணலை உருக்கும் உலை நம் கிராமத்துக்கு ஏற்றதன்று. ஏற்றது வேறொன்று உண்டு. சன்னல் கண்ணாடித் துண்டை மண் அச்சின்மேல் வைத்து, மின்சூளையில் 650 முதல் 700 பாகை வரை சூடேற்றினால், கண்ணாடி இளகி அச்சுக்குள் மெல்ல அமர்ந்து கிண்ணமாகிறது. அச்சைச் செய்து தரக் குயவர் பெருமக்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அச்சின் அடியில் காற்று வெளியேற ஒரு துளை வேண்டும். கண்ணாடி ஒட்டாதிருக்க வெண்களிமண் குழம்பைப் பூசி உலர்த்த வேண்டும்.

இத்தொழிலின் இரகசியம் ஆறவிடுவதில்தான் இருக்கிறது. 500 முதல் 550 பாகை வரையுள்ள சூட்டில் சிறிது நேரம் நிறுத்தி, பின்னர் சூளையைத் திறக்காமலே இரவு முழுதும் ஆறவிட வேண்டும். ஆவலால் முன்னதாகத் திறந்தால், கிண்ணம் உடனே உடையும். அல்லது வீட்டுக்குப் போன பிறகு ஒருநாள் தானே வெடிக்கும். வெவ்வேறு வகைக் கண்ணாடிகளை ஒன்றாக உருக்கி இணைக்கலாகாது. அவை விரிந்து சுருங்கும் அளவு வேறுவேறாதலால் ஒட்டிய இடத்தில் பிளவு காணும். விளிம்பை நீர்விட்டுத் தேய்த்து மழுக்காமல் எந்தக் கிண்ணத்தையும் விற்கக் கூடாது. ஒரு வீட்டாரால் மின்சூளை வாங்க இயலாது. நான்கைந்து ஊர்கள் சேர்ந்து கூட்டுறவு முறையில் ஒரு சூளை வைத்து, முறைபோட்டுப் பயன்படுத்துவதே தக்க வழி.

கணக்குப் பார்க்கும் முறை

ஓர் உதாரணம் கூறுகிறோம். ஒரு மரக் கிண்ணத்துக்கு மரம், மின்சாரம், அரக்கு ஆகியவற்றுக்கு 60 ரூபாயும் கூலிக்கு 90 ரூபாயும் ஆவதாக வைத்துக்கொள்வோம். பத்துக் கிண்ணத்துக்கு 1,500 ரூபாய். ஒன்றை 200 ரூபாய்க்கு விற்கிறோம். பச்சை மரத்தில் கடைந்து நான்கு வெடித்தால், மீதி ஆறுக்கு 1,200 ரூபாயே கிடைக்கும். 300 ரூபாய் நட்டம். உலர்ந்த மரத்தில் கடைந்து ஒன்று மட்டும் வெடித்தால், ஒன்பதுக்கு 1,800 ரூபாய் கிடைக்கும். 300 ரூபாய் இலாபம். கை ஒன்று, உளி ஒன்று, விலையும் ஒன்று. காத்திருந்த சில மாதங்களே நட்டத்தை இலாபமாக்குகின்றன. ஆனால் காத்திருக்கும் காலத்தில் அடுப்பு எரிய வேண்டுமே! அதனால்தான் ஏழைத் தொழிலாளி பச்சை மரத்தில் கடைகிறார். முன்பணம் தந்த வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்கிறார். இந்த இடத்தில்தான் பஞ்சாயத்தும் கூட்டுறவுச் சங்கமும் துணைநிற்க வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஊரில் கல்வேலை, மரவேலை, மண்வேலை தெரிந்தவர் எத்தனை பேர் என்று பட்டியல் எடுங்கள். அதைக் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள்.

இரண்டாவதாக, பொதுநிலத்திலும் கண்மாய்க் கரையிலும் வெட்பாலை, பூவரசு, வாகை முதலிய மரங்களை ஆண்டுதோறும் நடுங்கள். உரிய அனுமதியுடன் வெட்டப்படும் மரத்தை விறகுக்குப் போகுமுன் கடைசல்காரருக்கு விலைக்குக் கிடைக்கச் செய்யுங்கள். ஒரு மரம் வெட்டினால் இரண்டு நடுவது என்பதை விதியாக்குங்கள்.

மூன்றாவதாக, மரம் உலர்த்தவும் கரட்டுக் கிண்ணங்களை இருப்பு வைக்கவும் ஒரு பொதுக் கொட்டகை அமையுங்கள். இருப்பின்மேல் கூட்டுறவுக் கடன் கிடைக்க முயலுங்கள்.

நான்காவதாக, உரிமமின்றிக் கல் எடுப்பதை அனுமதிக்காதீர்கள். 2015ஆம் ஆண்டில் மத்திய அரசு மாக்கல் உள்ளிட்ட 31 கனிமங்களைச் சிறுகனிமங்களாக அறிவித்தது. அவற்றுக்கான விதிகள் மாநில அரசின் பொறுப்பில் வந்தன. கல் பட்டறைகளில் நீர்க்குழாயும் முகக்கவசமும் உண்டா என்று நேரில் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பட்டறைக்கு அழைத்து வாருங்கள்.

ஐந்தாவதாக, அரசின் திட்டங்களைத் தொழிலாளரின் வாசலுக்குக் கொண்டுசெல்லுங்கள். 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசின் விசுவகர்மா திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 விழுக்காடாக 50,000 ரூபாய்க்கு மேற்படாத மானியமும் அறிவிக்கப்பட்டன. எந்தத் திட்டத்தின் உதவி உங்கள் ஊரின் எந்தத் தொழிலுக்கு உண்டு என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்து, விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். 1973ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையங்களையும் அணுகுங்கள்.

பெரியோர்களே! கிண்ணம் கடைவதால் மட்டும் கிராமத்தின் வறுமை தீர்ந்துவிடும் என்று நாங்கள் கூறவில்லை. உழவே நமக்கு முதல். ஆனால் மழை பொய்த்த ஆண்டில், அறுவடைக்கும் விதைப்புக்கும் இடைப்பட்ட மாதங்களில், ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போகாமல் இருக்கக் கைத்தொழில் உதவும். அந்தத் தொழில் தொழிலாளியின் மூச்சைக் குடிக்காமலும், ஊரின் மரத்தை அழிக்காமலும், தாய்மார்களின் நகையை அடகுக்கடைக்கு அனுப்பாமலும் நடக்க வேண்டும். அதற்கு வேண்டிய பொறுமையும் முன்யோசனையும் தனியொருவரிடம் இருப்பது அரிது. ஊர் கூடினால் உண்டாகும்.

எங்களிடம் பயின்ற அந்த மகளிர் குழுவினர் இரண்டாம் ஆண்டில் மீண்டும் தொடங்கினார்கள். இம்முறை மாதாமாதம் தராசில் நிறுத்தே கடைந்தார்கள். அடகு வைத்த கம்மலும் மீண்டது. அவர்கள் கடைந்த வேப்பங் கிண்ணம் ஒன்று இதோ இந்த மேசைமீது இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் கையில் எடுத்துப் பாருங்கள்; விரிசல் உண்டா என்றும் தேடிப் பாருங்கள்.